திமிர் பிடித்த ஊரின் தண்ணீர்

பசுவந்தனையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் ஊருக்குச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பட்டம் உண்டு. 'திமிர் பிடிச்ச ஊர்.' கல்யாணப் பந்தியில் எங்கள் ஊர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு வார்த்தை பேசிப் பார்ப்பார். பதிலுக்கு ஒரு சிரிப்புகூட வராது. அப்புறம் அவர் தன் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்துவிடுவார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாருக்கும் தலை குனிந்து வணக்கம் சொன்னது கிடையாது. பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். திமிருக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கேட்கத்தான் ஆளில்லை. ஊரில் இளவட்டங்கள் அத்தனை பேருக்கும் பல்லில் காவி. கருப்பட்டிக் காப்பியைப் பல்லில் ஊற்றி அப்படியே காயவிட்டது போல, பழுப்புக் கோடும் திட்டுமாக இருக்கும். பெரியவர்களுக்குப் பல் வெள்ளை, ஆனால் கழுத்தும் முதுகும் விறைத்துப்போயிருக்கும். ஆக, குனியத் தெரிந்தவனுக்குச் சிரிக்க வழியில்லை. சிரிக்க முடிந்தவனுக்குக் குனிய வழியில்லை. இப்படி ஒரு ஊரை வைத்துக்கொண்டு மரியாதைக்கு எங்கே போவது?

எல்லாவற்றுக்கும் காரணம் ஊர் நடுவில் இருந்த அடிபம்பு. அந்த அடிபம்புக்குக் காரணம் என் அப்பா.

நான் பிறப்பதற்கு முன்னால் எங்கள் ஊரில் குடிக்க இருந்தது ஒரு ஊருணி மட்டும்தான். மழை பெய்தால் தண்ணீர், இல்லாவிட்டால் பாளம் பாளமாக வெடித்த கரிசல். கிணறு தோண்டினால் வாயில் வைக்க முடியாத உப்பு. அப்பா பஞ்சாயத்து மெம்பரானதும் யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்து, அதிகாரி இல்லாத நாளில் வாசலிலேயே உட்கார்ந்து, அவர் வீட்டுக்குப் போகும் வழியில் மறித்து, எப்படியோ ஒரு ஆழ்துளைக் குழாய் இறக்கி அடிபம்பு போட வைத்தார். அதில் வந்தது தண்ணீரா அது! கற்கண்டு கரைத்துவிட்டது மாதிரி இருந்ததாம். துவரம்பருப்பு அடுப்பில் வைத்த கொஞ்ச நேரத்தில் குழைந்துவிடும். சோப்பைக் காட்டினாலே நுரை பொங்கும். பக்கத்து ஊர்களிலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாய் கட்டிக்கொண்டு வந்து பிடித்துப் போனார்கள். ஊருணியை அதற்கப்புறம் யாரும் தூர் வாரவில்லை. அதில் சீமைக்கருவேலம் முளைத்துக் காடாகிவிட்டது.

அப்பாவுக்கு அந்தத் தண்ணீர்தான் மூத்த பிள்ளை. நான் இரண்டாவது. வீட்டுக்கு யார் வந்தாலும் சுகம் விசாரிப்பதற்கு முன் ஒரு செம்பு தண்ணீர் வந்துவிடும். அவர்கள் குடித்து முடிக்கும்வரை அப்பா எதிரில் நிற்பார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு அண்ணாச்சி."

"சும்மா நல்லாருக்குன்னா எப்படி? இப்படி ஒரு தண்ணியை எங்கனயாவது குடிச்சிருக்கீங்களா?"

"இல்ல அண்ணாச்சி, குடிச்சதே இல்ல."

அதன் பிறகுதான் உட்காரச் சொல்வார்.

எனக்குப் பால்பல் விழுந்து முளைத்த பல்லெல்லாம் காவியாக வந்தது. அம்மா விடவில்லை. உப்பு, கரித்தூள், செங்கல் பொடி என்று வீட்டில் தேய்க்கக்கூடியது எல்லாவற்றையும் என் பல்லில் தேய்த்தாள். வெண்கலப் பாத்திரமாக இருந்தால் இந்நேரம் முகம் பார்த்திருக்கலாம். பத்தாம் வகுப்பு படித்தபோது ஒருநாள் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு பல்பொடி வியாபாரி கூட்டம் சேர்த்து, எப்பேர்ப்பட்ட காவியாக இருந்தாலும் ஒரே தேய்ப்பில் போக்குவதாகச் சவால்விட்டுக்கொண்டிருந்தான். அப்பா என் முதுகில் கைவைத்துக் கூட்டத்துக்கு நடுவில் தள்ளிவிட்டார்.

வியாபாரி என் வாயைப் பார்த்ததும் சிரித்தான், சரியான ஆள் கிடைத்துவிட்டது என்று. பஞ்சில் எதையோ நனைத்துத் தேய்த்தான். ஈறு எரிந்ததே தவிரப் பல் அப்படியே இருந்தது. இன்னொரு புட்டியைத் திறந்து தேய்த்தான். கூட்டம் கிட்டே நெருங்கிவந்து எட்டிப் பார்த்தது. அவன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"ஏட்டி, உண்மையைச் சொல்லு. வெத்தலை போடுவியா?"

"எம் பிள்ளையைப் பாத்து வெத்தலை போடுவியான்னா கேக்குத?" என்று அப்பா பாய்ந்தார்.

"அப்ப பீடியா?"

அதற்குப் பிறகு அங்கே வியாபாரம் நடக்கவில்லை. சண்டை முற்றி ஒரு போலீஸ்காரர் பக்கவாட்டில் வந்து நின்று அதட்டினார். அப்பாவால் கழுத்தைத் திருப்ப முடியாது. குறுகிய சந்தில் லாரியைத் திருப்புவது போல உடம்பை முன்னும் பின்னும் எடுத்து ஒருவழியாக அவர் பக்கம் திரும்புவதற்குள், "நான் கூப்பிடக் கூப்பிட திரும்பாம நிக்கான் பாரு, எவ்வளவு திமிரு!" என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டார். கோவில்பட்டி வரைக்கும் எங்கள் ஊர்ப் பெயர் பரவியது அன்றைக்குத்தான்.

எரிந்த ஈறுக்கு மருந்து வாங்கத்தான் அடுத்த நாள் பல் டாக்டரிடம் போனோம். பாத்திரக்கடை மாடியில் அவர் கிளினிக். என் பல்லை விளக்கடித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"சின்னப் பிள்ளையில காய்ச்சல்னு அடிக்கடி மருந்து குடுத்தீங்களா? சில மருந்து உண்டு. பல்லு ஈறுக்குள்ள உருவாகிட்டு இருக்கும்போது குடுத்தா, நிறம் அதிலேயே ஏறிரும்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு எப்போதோ காய்ச்சல் வந்தபோது ஒரு கம்பவுண்டர் கொடுத்த மஞ்சள் டானிக் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. டாக்டர் பாவம், அவசரமாக இன்னொரு முறை விளக்கடித்துப் பார்த்தார்.

"அழாதீங்கம்மா. இது அந்தக் கறை இல்ல. அது சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். இது தண்ணியால வாரது. ஊர்ல மத்தப் பிள்ளைகளுக்கும் இப்படி இருக்கா?"

"எல்லாத்துக்கும் இருக்கு," என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவளுக்குப் பெரிய நிம்மதி.

பூமிக்குள் ஆழத்தில் இருக்கும் பாறையிலிருந்து ஃபுளோரைடு என்று ஒரு உப்பு தண்ணீரில் கரைந்து வருகிறது என்றார் டாக்டர். நாக்குக்குத் தெரியாதாம். கொஞ்சமாக இருந்தால் பல்லுக்கு நல்லதாம். அளவு மீறினால் முளைக்கப்போகும் பல்லைக் காவியாக்கும், வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பில் போய்ப் படியுமாம். சொல்லிக்கொண்டே அவர் பார்வை அப்பா பக்கம் போனது.

"நீங்க கொஞ்சம் குனிஞ்சு தாடையை நெஞ்சுல தொடுங்க பாப்போம்."

"நான் எதுக்குக் குனியணும்? அவ பல்லைப் பாக்கத்தான வந்தோம்?"

டாக்டர் விடாப்பிடியாக எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். படம் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பெல்லாம் பளீரென்று வெள்ளையாக இருந்தது.

"எலும்பு ரொம்பக் கெட்டியா இருக்கு. தேவைக்கு மேல கெட்டி. அதான் வளைய மாட்டேங்குது. இனி இதை மாத்த முடியாது. உங்க பொண்ணு பல்லையும் தேய்ச்சு மாத்த முடியாது. ஆனா இனிமே முளைக்கப்போற பல்லைக் காப்பாத்தலாம். தண்ணியைக் காய்ச்சுனாலும் போகாது. வேற தண்ணிக்கு மாறுங்க."

அப்பா எழுந்தார். கும்பிடுகூடப் போடாமல் படியிறங்கினார். "பல்லு புடுங்குதவனுக்குத் தண்ணியைப் பத்தி என்ன தெரியும்?" என்று பஸ்ஸில் முழுவழியும் சொல்லிக்கொண்டு வந்தார். ஊரில் இறங்கியதும் முதலில் பார்த்தவரிடம், "டாக்டரு படம் புடிச்சுப் பாத்துட்டு, எம் எலும்பு கல்லு மாதிரி கெட்டியா இருக்குன்னுட்டார்வே," என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, மீதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்புறம் எட்டயபுரத்தில் வேறொரு டாக்டரிடம் போய்க் கழுத்து வலிக்குச் சுண்ணாம்புச் சத்து ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். இருக்கிற கெட்டி போதாது என்பது போல.

அம்மா ஒரே ஒருமுறை தண்ணீர்ப் பேச்சை எடுத்தாள். அப்பா சோற்றுத்தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார். பிறகு அவள் எடுக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்தான். ஆனால் அந்தத் தண்ணீரைத் தப்பென்று சொன்னால் ஊர்ப் பிள்ளைகள் பல்லுக்கெல்லாம் அவர் பதில் சொல்ல வேண்டிவருமே என்று எனக்கும் தெரிந்திருந்தது.

அப்புறம் எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் காலம் வந்தது. முதலில் வந்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமா ஒரு வாயாடி. நான் காப்பித்தட்டோடு வந்த நிமிஷத்திலிருந்து வேடிக்கையாகப் பேசிக்கொண்டே இருந்தார். உண்மையிலேயே சிரிப்பாக இருந்தது. அம்மா முந்தின நாளிலிருந்து 'வாயைத் திறந்த, கொன்னுருவேன்' என்று சொல்லிவைத்திருந்ததால் நான் உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாமா சொல்லச் சொல்ல என் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் அவர் முகமும் தொங்கிப்போயிற்று. போய்ச் சொல்லியனுப்பினார்கள்: பொண்ணுக்குத் திமிர், தகப்பனுக்கு அதற்கு மேல்.

இரண்டாவது இடத்தில் அப்பா தானே போய்க் காரியத்தைக் கெடுத்துவிட்டு வந்தார். சித்திரை வெயிலில் போனவருக்கு அவர்கள் செம்பில் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். அடுத்தவர் வீட்டில் செம்பை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும், வாய் வைத்து எச்சில் பண்ணக்கூடாது. அப்பாவுக்கோ கழுத்து பின்னால் சாயாது. 'அண்ணாக்க முடியாது' என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. "தாகம் இல்ல" என்று சொல்லிவிட்டார், சட்டையெல்லாம் வேர்வையில் ஒட்டிக்கொண்டிருக்க. நம்ம வீட்டுத் தண்ணி இவியளுக்கு ஆகலியோ என்று கேட்டு அவர்கள் அத்தோடு முடித்துக்கொண்டார்கள்.

மூன்றாவதாக ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகில், தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். மாப்பிள்ளைக்கு மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. அவர்கள் வருவதற்கு முந்தின நாள் காலையில் நான் கண்ணாடி முன் நின்று, உதடு பிரியாமல் சிரித்துப் பழகிக்கொண்டிருந்தேன். முதல் மாமாவிடம் நின்ற மாதிரி மரமாக நிற்கக்கூடாது என்று நானாகவே யோசித்துக் கண்டுபிடித்த வழி. இடது பக்கம் ஏற்றிப் பார்த்தேன், வலது பக்கம் ஏற்றிப் பார்த்தேன். எப்படிச் சிரித்தாலும் வாயில் புளியங்காயை ஒளித்து வைத்திருப்பவள் போலவே இருந்தது.

கண்ணாடியில் எனக்குப் பின்னால் அப்பா தெரிந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. வேறொருவராக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பார். அப்பாவால் குனிய முடியாது. நேராக என்னையே பார்த்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அவர் கண் கலங்குவதை நான் முதல்முதலாகப் பார்த்தேன். உடம்பை மெல்லத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் நாலைந்து சொந்தக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாட்டசாட்டமானவர், வெயிலில் களைத்துப்போயிருந்தார். என் அம்மா வழக்கம்போலத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் உள்ளே கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா 'எப்படி இருக்கு' என்று எப்போது கேட்கப்போகிறாரோ என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த அம்மா டம்ளரைத் தூக்கினார். அப்பா ஒரே எட்டில் போய் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினார்.

"குடிக்காதீங்க."

பாதித் தண்ணீர் அந்த அம்மாவின் பட்டுச்சேலையில் கொட்டியது. வீட்டுக்கு வந்தவர் வாய்க்குப் போகிற தண்ணீரைப் பிடுங்குவதென்பது எங்கள் பக்கத்தில் அடித்து விரட்டுவதற்குச் சமம். சொந்தக்காரர்கள் எழுந்தே விட்டார்கள். அம்மா, "என்னங்க!" என்று அலறினாள்.

"உக்காருங்க. நான் திமிர்ல செய்யல," என்றார் அப்பா. "எம் பொண்ணு ஏன் சிரிக்க மாட்டேங்குதான்னு நாளைக்கு நீங்களும் பேசுவீங்க. அவளுக்குப் பல்லெல்லாம் காவி. இந்தத் தண்ணிதான் காரணம். இதை இந்த ஊருக்குக் கொண்டாந்தவன் நான்தான். ஆகாதுன்னு டாக்டரு சொன்ன பெறகும் ஊத்திக் குடுத்தவனும் நான்தான். ஏட்டி, இங்கன வா! பல்லைக் காட்டு!"

நான் வெளியே வந்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் மாட்டுச் சந்தை மாதிரி பல்லைக் காட்டச் சொல்கிறாரே என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எதிரில் பட்டுச்சேலை நனைந்து உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா, டம்ளரைப் பிடித்தபடி அப்பா, எழுவதா உட்கார்வதா என்று தெரியாமல் பாதி குனிந்து நிற்கும் சொந்தக்காரர்கள். ஆத்திரத்தோடு சிரிப்பும் வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. எல்லாப் பல்லும் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாப்பிள்ளை நன்றாகவே பார்த்தார்.

அவர் அம்மா என் வாயையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, ஒரு டம்ளர் குடிச்சா எம் பல்லு காவியாயிருமாக்கும்? மொதல்ல எனக்குப் பல்லு எங்க இருக்கு?" என்று வாயைத் திறந்து காட்டினார். கடைவாயில் இரண்டு பக்கமும் பொக்கை. என் சிரிப்போடு மற்றவர்கள் சிரிப்பும் சேர்ந்துகொண்டது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா சேலையைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"எங்களுக்குப் பல்லு பெரிசில்ல. ஆனா ஒண்ணு கேக்கேன். தலைப்பிரசவத்துக்கு இங்கதான அனுப்பணும்? அந்தப் பிள்ளைக்கு என்ன தண்ணி குடுப்பீங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். எங்கள் ஊரில் வேறு தண்ணீரே கிடையாது.

"நான் கொண்டாரேன்," என்றார் அப்பா.

அன்றைக்கு அவர்களுக்குப் பெட்டிக்கடையிலிருந்து கலர் சோடா வாங்கிக் கொடுத்தோம். கல்யாணம் அந்த ஆவணியிலேயே நடந்தது.

அதன் பிறகு அப்பா மறுபடியும் யூனியன் ஆபீசுக்கு நடக்க ஆரம்பித்தார். இந்த முறை அந்த அடிபம்பை மூட வேண்டும் என்று. அங்கே அவரைத் தெரிந்த ஒரு பழைய கிளார்க், "போடுங்கன்னும் நீங்கதான் உசிர வாங்குனீங்க, மூடுங்கன்னும் நீங்கதான் வாங்குதீங்க," என்று தலையில் அடித்துக்கொண்டாராம். ஊரில் அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதாகப் பேச்சு. கடைசியில் அதிகாரிகள் வந்து தண்ணீரைப் பரிசோதித்து, குடிக்கக்கூடாது என்பதற்கு அடையாளமாகப் பம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். சிவப்புப் பம்பில் ஜனங்கள் முன்போலவே பிடித்துக் குடித்தார்கள். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் எங்கள் ஊருக்கு வந்துசேர அதற்கப்புறம் பல வருஷம் ஆயிற்று.

வளைகாப்பு முடிந்து நான் ஊருக்கு வந்தபோது அப்பா ஒரு பழைய மொபெட் வாங்கி வைத்திருந்தார். அதில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு, இரண்டு ஊர் தள்ளியிருந்த ஊருணியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவார். ஊருணி வற்றினால் கோவில்பட்டி. கழுத்து திரும்பாததால் பின்னால் வருவது எதுவும் அவருக்குத் தெரியாது. அதற்குப் பரிகாரமாக வழிநெடுக ஹாரனை அழுத்திக்கொண்டே வருவார். வழியில் தெரிந்தவர்கள் கூப்பிட்டாலும் திரும்பாமல், விறைத்த கழுத்தோடு, ரோட்டை நேராகப் பார்த்தபடி போவார். "மெம்பருக்குத் தண்ணி சுமக்கும்போதும் திமிரு போகல" என்று அதற்கும் பேசினார்கள்.

எனக்குக் குடிக்க, சமைக்க அந்தத் தண்ணீர். மகள் பிறந்த பிறகு அவளைக் குளிப்பாட்டவும் அந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்றார். "குளிக்குத தண்ணி பல்லுக்குள்ள போகுமா?" என்று அம்மா சண்டை போட்டாள். "தண்ணி வாய்க்குள்ள தெறிக்காதா?" என்று அப்பா கேட்டார். பிள்ளைக்கு அப்போது வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. நாங்கள் ஆற்றுப் பக்கம் திரும்பிப் போகும்வரை ஒருநாள்கூட அவர் விடவில்லை.

சில வருஷம் கழித்து கோவில்பட்டிக்கு ஒரு விசேஷத்துக்கு வந்த இடத்தில் மகளுக்குப் பல்வலி என்று அதே பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பேச்சோடு பேச்சாக அப்பா தண்ணீர் சுமந்ததைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியம்.

"அவ்வளவு பாடு தேவையே இல்லையேம்மா. தாய்ப்பால்ல ஃபுளோரைடு அதிகம் இறங்காது. அந்தச் சில மாசத்துல பிள்ளைக்குப் பெருசா எதுவும் ஆகியிருக்காது. வளர்ற வயசு முழுக்க அங்கன இருந்து குடிச்சாத்தான் பயம்."

வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் அதைச் சொன்னேன். அப்பாவிடம் யாரும் மூச்சுவிடக்கூடாது என்றும் சொன்னேன். என் மாமியார், "எனக்கென்ன பைத்தியமா?" என்றார்.

மகளுக்கு முன்பல் விழுந்து புதுப்பல் முளைத்த வருஷம் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். அப்பாவுக்கு அதற்குள் இடுப்பும் விறைத்துவிட்டது. பிள்ளை வாசல்படி ஏறும் முன்பே, "இங்கன வா, பல்லைக் காட்டு," என்றார். அவரால் அவள் உயரத்துக்குக் குனிய முடியவில்லை. அவளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மேலே ஏறி நின்று, அவர் முகத்துக்கு நேராக வாயை அகலத் திறந்தாள். அப்பா அவள் நாடியைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். மேல் வரிசையைப் பார்த்தார், கீழ் வரிசையைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் மேல் வரிசையைப் பார்த்தார். பிள்ளைக்கு எச்சில் வழிய ஆரம்பித்துவிட்டது.

"ஒரு பொட்டுக் காவி இல்ல," என்றார். பிறகு முழு உடம்பையும் திருப்பி என் பக்கம் வந்தார். "பாத்தியா தாயி? எல்லாம் நான் கொண்டாந்த தண்ணி."

"ஆமாப்பா," என்றேன்.